எடை குறைப்பைச் சாயங்காலத்தில் கவிழ்ப்பது எது? மன அழுத்தமும் பசியும் பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்தில் எடை குறைக்க முயலும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். காலை உணவைப் பற்றி அவர்களுக்குப் புகாரே இருக்காது. காலையில் இரண்டு இட்லி, சீனி போடாத கட்டன் சாயா. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, அவியலும் மீன்கறியும் தாராளமாக. எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கட்டு அவிழும். திருவனந்தபுரத்தில் வேலை முடித்து, ரயிலில் நின்றுகொண்டே குழித்துறை வந்து இறங்கினால், சாயாக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) சூடாக இருக்கும். வீட்டுக்குப் போனால் டப்பாவில் ஏத்தங்காய் சிப்ஸ். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கை அந்த டப்பாவுக்குப் போகும். ராத்திரி படுக்கும்போது, “எனக்கு மன உறுதியே இல்லை” என்ற முடிவோடு கண் மூடும்.

அந்த முடிவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சாயங்காலத்தில் நடப்பதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஏற்பாடு இருந்தால் மன உறுதி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

மேலதிகாரி திட்டினாலும், சீட்டுத் தவணைக்குப் பணம் போதாமல் போனாலும், ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் உடம்புக்கு எல்லாம் ஒன்றுதான்: ஆபத்து. மூளையிலிருந்து, சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி போகிறது. முதலில் வருவது அட்ரினலின். நெஞ்சு படபடக்கும், அந்த நேரத்துக்குப் பசியே தெரியாது. பரீட்சை நாளில் சோறு இறங்காததற்கு இதுதான் காரணம். அதன் பின்னாலேயே கார்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. இது சட்டென்று போகாது. சக்தியைச் செலவழித்துவிட்டாய், திரும்ப நிரப்பிக்கொள் என்று சொல்வதுபோல் பசியைக் கிளப்பும். அதிலும் இனிப்பும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்கள் மீதுதான் ஆசை போகும்.

பழைய காலத்து ஆபத்துக்கு ஓட வேண்டியிருந்தது, ஏற வேண்டியிருந்தது, சக்தி உண்மையிலேயே செலவானது. இன்றைக்கு நாம் ரயிலில் நின்றபடி, அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) உட்கார்ந்தபடி, போனைப் பார்த்தபடி கவலைப்படுகிறோம். செலவே ஆகாத சக்திக்கு உடம்பு வரவு கேட்கிறது. கார்டிசால் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. நம்மவர்களுக்கு இது முக்கியம். கையும் காலும் மெலிந்திருந்தாலும் வயிறு மட்டும் பெருக்கும் உடல்வாகு இந்தியர்களிடம் அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இப்படித்தான் என்றும் இல்லை. கவலை வந்தால் சாப்பாட்டையே மறப்பவர்களும் உண்டு. ஆனால் மதியம் வரை மறந்துவிட்டு ராத்திரி மொத்தமாகச் சாப்பிட்டால், சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழம்பொரி தரும் ஆறுதல் பொய் கிடையாது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மனம் நிஜமாகவே லேசாகிறது. மூளை அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கவலை வந்ததும் அதே வழியைக் காட்டுகிறது. இப்படித்தான் பழக்கம் உருவாகிறது. இதற்காக யாரும் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. திட்டிக்கொண்டால் அதுவும் ஒரு மன அழுத்தமாகி, மறுபடி கார்டிசாலைத்தான் கூட்டும்.

தூக்கம் குறைந்தால் பசி கூடும்

என்னைக் கேட்டால், எடை குறைக்க நினைப்பவர் உணவுப் பட்டியலை எடுப்பதற்கு முன் தன் தூக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். நம் பகுதியில் தூக்கத்தைப் பறிக்கிற காரணங்கள் நிறைய. ரப்பர் வெட்டப் போகிறவர் விடியும் முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். கணவர் கல்ஃபில் இருக்கும் வீடுகளில் வேறு கதை. அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால், நாட்டைப் பொறுத்து இங்கே பத்தரை அல்லது பதினொன்றரை. அவர் வேலை முடிந்து, குளித்து, சமைத்து, வீடியோ காலில் வரும்போது இங்கே நடுராத்திரி நெருங்கியிருக்கும். பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கக் காலை ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஓடுகிற வாழ்க்கை அது.

பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஒன்று உண்டு, கிரெலின் என்று பெயர். போதும் என்று சொல்லும் ஹார்மோன் லெப்டின். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். இரண்டே ராத்திரியில் இவ்வளவு. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2010இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூடுதல் எடையுள்ள 10 பேருக்குக் கலோரி குறைத்த உணவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை, வேறொரு சமயம் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே; தசைதான் அதிகம் போயிருந்தது. பட்டினி கிடந்து பாடுபட்டும், போக வேண்டியது போகவில்லை.

ரப்பர் வெட்டுபவரை ஆறு மணிக்கு எழச் சொல்ல முடியாது. அவர் மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயரலாம், அதற்குக் குற்ற உணர்வு வேண்டாம். கல்ஃப் வீட்டில் பெரிய பேச்சுகளை வெள்ளிக்கிழமைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டன் சாயாவும் காப்பியும் நாலு மணிக்கு மேல் வேண்டாம். அவற்றில் உள்ள காஃபின் இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும். கடன், வீட்டுப் பத்திரம், மாமியார் சொன்னது போன்ற பேச்சுகளைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது எல்லாவற்றையும்விடக் கடினம், ஆனால் பலன் அதிகம்.

“அதான் கெட்டுப்போச்சே” என்ற எண்ணம்

இங்கேதான் பலர் முழுதாகக் கவிழ்கிறார்கள். 1975இல் வெளிவந்த ஒரு சோதனை இது. சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய விரதம் முறிந்தது, இனி எப்படிப் போனால் என்ன என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

நம் வீட்டில் இதைப் பார்க்காதவர் யார்? சாயங்காலம் ஒரு முந்திரிக்கொத்து தின்றாகிவிட்டது. “சரி, இன்னைக்குப் போச்சு, நாளையிலிருந்து பாத்துக்கலாம்” என்று ராத்திரி இரண்டு புரோட்டாவும் பீஃப் ரோஸ்டும். நாளை வெள்ளிக்கிழமை, கல்யாண வீடு. அப்புறம் திங்கட்கிழமை முதல். அந்த முந்திரிக்கொத்தால் எடை ஏறவில்லை. அதற்குப் பின்னால் வந்த மூன்று நாள்தான் ஏற்றியது.

இதற்கு மருந்து: அடுத்த வேளையைச் சாதாரணமாகச் சாப்பிடுவது. தண்டனையாகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம், திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தின்ற பலகாரத்துக்கு ஈடாக ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்தால் மறுநாள் பதினொரு மணிக்குப் பசி பிய்த்துத் தின்னும்.

முன்கூட்டியே ஓர் ஏற்பாடு

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு பரவலான யோசனை ஒன்று உண்டு. “இனி நொறுக்குத்தீனி குறைப்பேன்” என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட, “இன்ன நேரத்தில் இன்னது நடந்தால் நான் இதைச் செய்வேன்” என்று குறிப்பாக முடிவெடுத்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம். களைத்துப்போன நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. முடிவு காலையிலேயே எடுத்தாகிவிட்டது.

மறுபடி அந்த ரயில் பயணத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் சென்ட்ரலில் வண்டிக்குக் காத்திருக்கும்போது ஐந்தரை, ஆறு மணி. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. வீட்டுச் சாப்பாடு கிடைக்க இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். இந்த இடைவெளியை வெறும் வயிற்றோடு கடக்க நினைப்பதுதான் பிழை. பையில் ஒரு சிறிய டப்பா இருக்கட்டும்: அவித்த கடலை, இல்லையென்றால் காலையில் புட்டுக்கு வைத்த சிறுபயற்றில் ஒரு கைப்பிடி. புரதமும் நாரும் இருப்பதால் பசி நிதானமாக அடங்கும். மட்டிப்பழம் ஒன்று இருந்தாலும் நல்லது. சின்னப் பழம், ஒன்றோடு கை நிற்கும். (நம் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தச் சந்தோஷத்துக்காகவும் ஒன்று சாப்பிடலாம்.) “வண்டி நெய்யாற்றின்கரை தாண்டியதும் டப்பாவைத் திறப்பேன்” என்பது ஓர் ஏற்பாடு. நெரிசலில் கை தூக்க முடியாத வண்டி என்றால் ஸ்டேஷனிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது வேறோர் ஏற்பாடு. எதுவானாலும் பழம்பொரிக்கு முன்னால் பசி தணிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியில் செய்யக்கூடிய இன்னொன்று, மூச்சு. நாலு விநாடி உள்ளே இழுத்து, ஆறு விநாடி மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும், உடம்பு தன் எச்சரிக்கையைக் கைவிடத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சிப்ஸ் டப்பா கண்ணில் படக்கூடாது. 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு சாதாரண ராத்திரிச் சாப்பாட்டின் அளவு. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாங்காமல் இருக்க முடியாது என்றால் சின்னப் பொட்டலமாக வாங்கி, மேல்தட்டில், மூடிய பாத்திரத்துக்குள் வையுங்கள். எட்டாத பொருளை எடுக்க நாற்காலி போட வேண்டியிருந்தால் பாதி ஆசை அங்கேயே நின்றுவிடும். மீதி ஆசைக்குக் கால் மணி நேரம் தவணை கேளுங்கள். ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கும். இறங்கவில்லையா? ஒரு கிண்ணத்தில் நாலைந்து எடுத்து, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள். டப்பாவோடு மட்டும் உட்கார வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் நம் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. சாளை, அயலை, நெத்திலி எல்லாம் மலிவான புரதம். பொரிக்காமல் புளிக்கறியாக வைத்தால் இன்னும் நல்லது. தட்டில் முதலில் மீனும் தோரனும் (தேங்காய் போட்ட பொரியலும்), பிறகு சம்பா அரிசிச் சோறு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இருக்கும் நாளில் சோறு வேண்டாம். மரச்சீனியைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் நமக்கு உண்டு, அது தவறு. எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட அதில் மாவுச்சத்து குறைவில்லை. தேங்காயை ஒதுக்கச் சொல்லி யாராவது வந்தால் அவர் இந்த ஊரில் வாழ்ந்தவராக இருக்க முடியாது. அரைப்பது இருக்கட்டும், மேலே ஊற்றும் தேங்காய் எண்ணெயைக் குறைக்கலாம். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது.

வீட்டாரும் விருந்தும் மழையும்

“என்ன மக்ளே, இவ்வளவுதான் தின்னா எப்படி? முகமெல்லாம் வாடிப்போச்சே” என்று அகப்பையோடு வருகிற மாமியாரை எந்த ஆய்விலும் காண முடியாது, ஆனால் நம் வீட்டில் மிகப் பெரிய தடை அவர்தான். அவர் எதிரியில்லை. சோறு போடுவதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. “வேண்டாம்” என்று தட்டை மூடினால் அவர் மனம் நோகும், அந்தச் சங்கடம் ராத்திரி முழுக்க நம்மையும் வாட்டும். “மாமி, மீன்கறி அருமையா இருக்கு, இன்னொரு துண்டு போடுங்க, சோறு போதும்” என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிற கைக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று. நிதானமான ஒரு பகல் வேளையில், “டாக்டர் சுகர் வரும்னு பயமுறுத்தியிருக்காரு மாமி, எனக்கு நீங்கதான் உதவி பண்ணணும்” என்று கேட்டால் பல மாமியார்கள் காவலாகவே மாறிவிடுவார்கள்.

ஓணம், கிறிஸ்துமஸ், கோயில் கொடை, கல்யாணம் என்று எல்லையோர ஊர்களுக்கு விருந்து இரு பக்கத்திலிருந்தும் வரும். விருந்து நாளில் விருந்து சாப்பிடுங்கள். பாயசத்தில் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து அனுபவியுங்கள். வருடத்தில் இருபது விருந்து என்றாலும் மீதி முந்நூற்று நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. கவனிக்க வேண்டியது விருந்துக்கு மறுநாள் ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் பாயசத்தைத்தான். அதை அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

நடைப்பயிற்சிக்கு மழை தடை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பல மாதம் சாயங்கால நடை நம் கையில் இல்லை. போதாததற்குத் தெருநாய், நடைபாதை இல்லாத ரோடு, இருட்டினால் தனியாகப் போகத் தயங்கும் பெண்கள். ஆகவே, “மழை பெய்தால் வீட்டுக்குள் பத்து நிமிடம் மூன்று தடவை” என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் நடக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பதே பொதுவான இலக்கு, அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். நடை எரிக்கும் கலோரி கொஞ்சம்தான். அரை மணி நடந்து ஒரு பழம்பொரியை ஈடுகட்டுவதே கஷ்டம். ஆனாலும் மனம் தெளிவதற்கும், ராத்திரி தூக்கம் வருவதற்கும் நடையைப் போல் மலிவான வழி வேறில்லை. எடைக்காக நடக்காதீர்கள், மனசுக்காக நடங்கள்.

எடை மெஷின் சொல்வது

ஒரே நாளுக்குள் எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படியே. தூக்கம் கெட்ட நாட்களிலும் மெஷின் பயமுறுத்தும். அது கொழுப்பு கிடையாது. தினமும் பார்த்து மனம் கசங்குகிறவர் வாரம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதிவையுங்கள்.

இலக்கும் சின்னதாக இருக்கட்டும். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் வித்தியாசம் தெரியும். சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. 531 பேர் அதில் இருந்தார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது; அதற்கு அவர்கள் எடை பெரிதாகக் குறையவும் தேவைப்படவில்லை. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாதம், வேலை போன மாதம் என்று சில மாதங்கள் வரும். அப்போது குறைக்க முயலாதீர்கள். ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதையே அந்த மாதத்தின் இலக்காக வையுங்கள்.

கூட யாராவது இருந்தால் இது இன்னும் சுலபம். எல்லைக்கு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, 1007 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று பெயர். முடிவு 2018இல் வெளியானது. அந்தந்தப் பகுதியில் உள்ள சாதாரண ஆட்களே குழுத்தலைவர்களாக இருந்து, அக்கம்பக்கத்தவரைக் கூட்டி, ஒரு வருடம் கூட்டங்கள் நடத்தினார்கள். சர்க்கரை நோய் வருவது உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் பழமும் காய்கறியும் கூட்டினார்கள், மதுவைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து நடப்பது, மகளிர் குழுவில் மாதம் ஒருமுறை இடுப்பளவு எழுதுவது எல்லாம் இதே வழிதான். செலவும் இல்லை.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

ஏற்பாடுகள் எல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத இளம்பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும்; அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிகிறவர் அதையும் சொல்ல வேண்டும்.

மனசு விஷயத்திலும் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, நிறுத்தவே முடியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது போன்றவற்றுக்கு மூச்சுப் பயிற்சியும் டப்பாக் கடலையும் போதாது. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான், தமிழிலேயே பேசலாம்.